பொட்டு வைத்த படம்

தைலம்மாள் சீமையிலிருந்து திரும்பி ரங்கூன் துறைமுகத்தில் இறங்கியபோது கையில் ஒரு பிஸ்கோத்து டப்பா இருந்தது. வயிற்றில் ஒரு சாவுச் சேதி இருந்தது. டப்பாவை யாருக்கு வேண்டுமானாலும் பிரித்துக் கொடுக்கலாம். சேதி ஒருத்திக்கு மட்டுமே உரியது. உரியவள் காதில் விழுவதற்கு முன்னால் அதை வேறு யாரிடமும் வாய்விடக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். அதனால்தான் பாவம், கப்பலில் வந்த நாளெல்லாம், கூடவே வந்த எசமானி துரைசானியிடம்கூட ஒரு வார்த்தை பேசாமல் அதைச் சுமந்துகொண்டு வந்தாள்.

உரியவள் பெயர் சொர்ணம்மாள். ரங்கூனின் அலோன் பகுதியில், ஆற்றோரத்து அரிசி மில்லுக்குப் பின்னால் கூலி லைனில் இருந்தாள். மில்லில் தவிடு புடைக்கிற வேலை. புருஷன் நல்லப்பன் கப்பல் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். சீமைக்குப் போகிற கப்பலில் ஏறிப் போய் மூன்று வருஷமாகிவிட்டது. முதல் வருஷம் மற்றக் கப்பல்காரர்கள் வந்து, பார்த்தோம், நன்றாயிருக்கிறான் என்று சொன்னார்கள். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. லைனில் ஆளுக்கொன்று பேசினார்கள். சொர்ணம்மாள் ஒன்றையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாள்: உயிர் இருந்தால் அந்த மனுஷர் சொல்லி அனுப்பாமல் இருக்கமாட்டார், கப்பல் எங்கேயோ சுற்றுகிறது, வரும். சொல்லிவிட்டுத் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள்.

தைலம்மாளுக்கும் அதே லைனில்தான் ஓர் அறை. ஆனால் இருப்பு முழுக்கத் துரைமார் குடியிருக்கும் கொக்கைன் பேட்டையில், மரக்கம்பெனித் துரை ஒருவரின் பங்களாவில். அவருடைய இரண்டு பெண் குழந்தைகளுக்கும் அவள்தான் ஆயா. வெம்பிளியில் பெரிய பொருட்காட்சி நடந்ததே, அந்த வருஷம் துரை குடும்பத்தோடு லீவில் லண்டனுக்குப் போனார். குழந்தைகள் ஆயாவை விட்டு இருக்காதென்று அவளையும் கூட்டிப் போனார்கள்.

அவள் வந்துவிட்டாள் என்று கேட்டதும் லைனே திரண்டுவிட்டது. சொர்ணம்மாள் எல்லாரையும் தள்ளிக்கொண்டு வந்து, அவளை உள்ளே இழுத்துப் போய்த் தன் பாயில் உட்கார வைத்தாள். லண்டன் எப்படி, ராசாவைப் பார்த்தாயா, பனி என்பது உப்பு மாதிரியா மாவு மாதிரியா என்று ஆளுக்கொரு கேள்வி. கூட்டம் கலைந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று தைலம்மாள் நினைத்தாள். கூட்டம் கலைகிற மாதிரித் தெரியவில்லை. சொர்ணம்மாளோ எல்லாருக்கும் முன்னால் உட்கார்ந்து, இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி, சுற்றி வளைத்தாவது அந்த இடத்துக்குப் போய்ச் சேருவோம் என்று தைலம்மாள் படவீடுகளிலிருந்து ஆரம்பித்தாள்.

லண்டனில் படம் மாட்டுவதற்கென்றே அரண்மனை அரண்மனையாகக் கட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றாள். துரைசானிக்கு அதில் ஒரே பைத்தியம். மழை பெய்தாலும் படவீடு, வெயில் அடித்தாலும் படவீடு. முதல் நாள் போன இடத்தில் வாசலிலேயே ஆண்கள் எல்லாரும் தொப்பியைக் கழற்றினார்கள். உள்ளே ஒருவரும் உரக்கப் பேசவில்லை. கோயில்தான் போலிருக்கிறது என்று இவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பித்தளைப் பொத்தான் போட்ட காவல்காரன் அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, எலிக்குஞ்சை நீட்டுகிற மாதிரி நீட்டினான். உள்ளே போனால், கல்லில் செதுக்கிய ஆட்கள். ஒருவருக்கும் இடுப்பில் துணியில்லை. பாதிப் பேருக்குக் கையும் இல்லை. தைலம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தானையை விரித்துக் குழந்தைகள் இரண்டின் கண்ணையும் பொத்தினாள். துரைசானி முந்தானையை விலக்கிவிட்டு, இதைக் காட்டத்தானே கூட்டி வந்தேன் என்றாளாம்.

“கையைத்தான் ஒடிச்சுப்புட்டானுங்க, துணியையுமா உருவிட்டுப் போனானுங்க?” என்று கேட்டாள் மங்கலம். அவள் நல்லப்பனின் அத்தை, அவன் அப்பனோடு கூடப் பிறந்தவள். இந்த ஊரில் அவன் பக்கத்து உறவு என்று சொல்லிக்கொள்ள அவள் ஒருத்திதான். அறை முழுக்கச் சிரித்தது. சொர்ணம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்காமல் தைலம்மாள் அவசரமாக அடுத்ததற்குப் போனாள்.

வேறொரு வீட்டைப் பற்றிச் சொன்னாள். அங்கே சுவர் முழுக்க மனித முகங்கள். ராசா, மந்திரி, கப்பற்படைத் தலைவர், பாட்டுக் கட்டினவர். இவர் யார் என்று இவள் கேட்டால் துரைசானி ஒரு பெயரைச் சொல்லுவாள். சொல்லிவிட்டு, செத்துப்போனார் என்பாள். அவர்? அவரும் செத்துப்போனார். அந்த அம்மாள்? அவளுந்தான். போகப் போகத் தைலம்மாள் கேட்பதையே விட்டுவிட்டாள். அப்போதுதான் துரைசானி விளக்கினாள். எத்தனை பெரிய மனிதராக இருந்தாலும் உயிரோடிருக்கிறவர் படத்தை இங்கே மாட்டமாட்டார்கள். செத்த பிறகுதான் சுவரில் இடம். அதுதான் இங்கே ஏற்பாடு. தைலம்மாளுக்கு அது நியாயமாகவே பட்டது. மொகல் தெருச் செட்டியார் கடைகளிலும் செத்தவர் படத்தைத்தானே மாட்டி, பொட்டு வைத்து, மாலை போடுகிறார்கள். உயிரோடிருக்கிறவனை யார் மாட்டுவார்கள்?

“அப்புறம் இன்னொரு படவீட்டுக்குப் போனோம்” என்றவள் நிறுத்திவிட்டாள்.

பிஸ்கோத்தைக் கடித்துக்கொண்டிருந்தவர்கள் காத்திருந்தார்கள். அவள் தண்ணீர் கேட்டாள். சொர்ணம்மாள் எழுந்து செம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். தைலம்மாள் குடித்துவிட்டுச் செம்பைத் தரையில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“அங்க ஒரு ராசா படம் இருந்துச்சு புள்ள. ஆளு கறுப்பு. நம்ம ஆளு மாதிரி இருந்துச்சு.”

“நம்ம ஊரு ராசாவாக்கா?”

“கையில பூனை இருந்துச்சு” என்றாள் தைலம்மாள்.

இந்தப் பூனை என்னவென்று லைனில் எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் நல்லப்பன் கியாக்தான் திருவிழாவுக்குப் போய், பச்சை குத்துகிற பர்மாக்காரர் ஒருவரிடம் கையில் புலி குத்தச் சொன்னான். வலி தாங்காமல் பாதியில் கையை இழுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டான். புலிக்கு வரி வரவில்லை. வாலும் பாதியோடு நின்றுபோயிற்று. வீட்டுக்கு வந்தால், பூனை என்று சொர்ணம்மாள் பெயர் வைத்துவிட்டாள். உலகத்தில் இன்னொருவன் கையில் அந்தப் பூனை இருக்க வழியே இல்லை.

“எந்தக் கையில?” சொர்ணம்மாளின் குரல் மாறிவிட்டது.

“இடது கையில.”

“வாலு?”

“பாதிதான் இருந்துச்சு.”

மங்கலம் எழுந்து நின்றுவிட்டாள். யாரோ டப்பாவை மூடினார்கள். அந்தச் சத்தம் கேட்டது. தைலம்மாள் மிச்சத்தையும் கொட்டிவிட்டாள். படச்சட்டத்தின் மூலையில் சிவப்பாக, வட்டமாக, குங்குமம் போல ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் நாலைந்து படங்களுக்குப் பொட்டு இருந்தது. எதிரில் நின்றவர்கள் ஒரு கையில் கோப்பையை வைத்துக்கொண்டு தணிந்த குரலில் பேசினார்கள். அங்கேயே உட்கார்ந்துவிட்ட இவளை யாரோ தாங்கிக்கொண்டு போய் வாசல் பெஞ்சியில் உட்கார வைத்தார்கள். துரைசானி வருகிறவரை அங்கேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

சொர்ணம்மாள் உடனே அழவில்லை. “ராசா உடுப்பா போட்டிருந்துச்சு?” என்று கேட்டாள்.

“பட்டுத் தலைப்பா. அதுல ஒரு இறகு. மடியில வாளு.”

“அந்த மட்டுக்கும் நல்லபடியா அனுப்பி வெச்சிருக்காங்க” என்றாள். சொன்ன பிறகுதான் அவள் வாய் கோணிக்கொண்டது. அப்படியே முன்னால் சாய்ந்து தைலம்மாளின் மடியில், அந்தச் செம்பின் மேலேயே முகத்தை வைத்துக் கதறினாள்.

அதற்குப் பிறகு நடக்க வேண்டியது தானாக நடந்தது. லைனுக்குப் பெரியவர் சபாபதி மேஸ்திரி. சடலம் இல்லாத சாவுக்கு ஆற்றங்கரையில் கல் நட்டுக் காரியம் செய்வது உண்டு என்றார். நாள் குறித்தார்கள். அன்றைக்குக் காலையில் சொர்ணம்மாளுக்குக் கடைசியாக ஒருமுறை மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்து, கை நிறைய வளையல் அடுக்கி உட்கார வைப்பது. பிறகு மங்கலம் தாலியை வாங்கிப் பாலில் போடுவது. பிறகு ஆற்றங்கரைக்குப் போவது.

இடைப்பட்ட நாட்களில் தைலம்மாள் லைனுக்கு வரும்போதெல்லாம் சொர்ணம்மாள் படத்தைப் பற்றியே கேட்டாள். இளைத்திருந்தாரா? இல்லை, கன்னம் வைத்திருந்தது. கண் எங்கே பார்த்தது? நேராகத்தான் பார்த்தது. சிரித்த முகமா? அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் அவள் தலையை ஆட்டி, ஒவ்வொன்றையும் மனசுக்குள் வாங்கி வைத்துக்கொண்டாள். சாகும்போது கஷ்டப்படவில்லை போலிருக்கிறது என்று ஒருநாள் தானாகவே சொல்லிக்கொண்டாள். நான் சொன்னேனே, உயிர் இருந்தால் சொல்லி அனுப்பாமல் இருக்கமாட்டார் என்று மற்றவர்களிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது, அழுத கண்ணிலும் ஒரு பெருமை இருந்தது.

காரியத்தன்று காலையில் தைலம்மாள் துரைசானியிடம் போய் ஒருநாள் லீவு கேட்டாள். துரைசானி மதராஸ் பக்கம் வளர்ந்தவள். ஆயாக்களிடம் கற்ற தமிழ் நன்றாகவே வரும். என்ன விசேஷம் என்று கேட்டாள். தெரிந்தவர் வீட்டுக் கருமாதி என்றாள் இவள். யார் செத்தது என்று அவள் கேட்டாள். உரியவளுக்குத்தான் சேதி போய்விட்டதே, இனி சொன்னால் என்ன என்று, “நீங்களுந்தான் படத்தைப் பாத்தீங்களே துரைசானி, லண்டன்ல. வாளு வெச்சிட்டு உக்காந்திருந்த அந்த ஆளுதான்” என்றாள்.

துரைசானி கையிலிருந்த கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தாள். அவளுக்கு முதலில் விளங்கவே இல்லை. மறுபடியும் சொல்லச் சொன்னாள். மறுபடியும் கேட்ட பிறகு அவள் முகம் வெளிறிப்போயிற்று.

“அவன் சாகலை ஆயா” என்றாள்.

அவள் மெல்ல மெல்லச் சொன்னாள். செத்தவர் படம் மட்டும் மாட்டுகிற ஏற்பாடு அந்த ஒரு வீட்டில்தான். அடுத்துப் போனது வேறு இடம். அங்கே படம் எழுதுகிறவர்கள் தாங்கள் புதிதாக எழுதியதைக் கொண்டுவந்து விற்பார்கள். ராசா படம் எழுத ராசா வேண்டியதில்லை; தெருவில் போகிற ஓர் ஆளைக் கூப்பிட்டு, உடுப்பை மாட்டி உட்கார வைத்துக் கூலி கொடுப்பார்கள். அந்தச் சிவப்பு, படம் விலைபோய்விட்டது என்பதற்காக ஒட்டுகிற காகிதம்.

தைலம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். பேரிடி விழுந்த மாதிரி இருந்தது என்று சொல்வார்கள். அவளுக்குச் சத்தமே கேட்கவில்லை, தோட்டத்துக் காக்கை வாயைத் திறந்து மூடுவது மட்டும் சன்னலில் தெரிந்தது. படம் எழுதியபோது உயிரோடு இருந்திருக்கலாம், இப்போது இருக்கிறான் என்று துரைசானிக்கு எப்படித் தெரியும் என்று ஏதோ கேட்டாள்.

“நான் அவன்கூடப் பேசினேன்.”

“எப்போ?”

“அன்னிக்குத்தான். அவன் அங்கேயே இருந்தான்.”

படம் எழுதியவரே அவனை அழைத்து வந்து எல்லாருக்கும் காட்டினாராம். நல்ல கோட்டுப் போட்டு, கையில் தொப்பி வைத்திருந்தானாம். துரைசானி தமிழில் பேசியதும் சந்தோஷமாகத்தான் பேசினான். அந்த ஊரிலேயே தங்கிவிட்டதாகவும் வேலை இருப்பதாகவும் சொன்னான். என் ஆயாவும் தமிழ்க்காரிதான், ரங்கூனில் அலோன், வாசலில் உட்கார்ந்து அழுகிறாள், ஊர் ஞாபகமாயிருக்கும், போய் இரண்டு வார்த்தை பேசு என்று துரைசானி சொன்னாள். அவள் பெயர் என்ன என்று அவன் கேட்டான். தைலம் என்று சொன்னாள்.

“தொப்பியைத் தலையில வெச்சிட்டு, பின்பக்கத்துக் கதவு வழியாப் போயிட்டான். வெக்கப்படறான்னு நெனச்சேன் ஆயா. அப்புறம் மறந்தே போயிட்டேன்.”

தைலம்மாள் வாசலுக்கு ஓடி லாஞ்சா வண்டி ஒன்றைப் பிடித்தாள். இழுக்கிறவனை வேகமாகப் போ, வேகமாகப் போ என்று விரட்டினாள். தாலி பாலில் விழுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். உயிரோடிருக்கிறவனுக்கு அறுத்த பாவம் தன் தலையில் விழக் கூடாது. பாதி வழி வரைக்கும் இது ஒன்றுதான் நினைப்பு. அதற்குப் பிறகு, போய் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்தது. உயிரோடிருக்கிறான் என்று மட்டும் சொல்லலாம். சொர்ணம்மாள் சந்தோஷப்படுவாள், தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள், இன்னும் பத்து வருஷம், இருபது வருஷம் துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பின்பக்கத்துக் கதவைப் பற்றியும் சொன்னால்? அவளுக்கு இருந்த ஒரே பெருமையும் போய்விடும். ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டால், செத்த புருஷனுக்காக நல்லபடியாக அழுது முடித்துவிடுவாள். திருப்பு என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மில் புகைபோக்கி தெரிந்துவிட்டது.

அறைக்குள் பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் முன்னாலேயே ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள். நடுவில் பலகையில் சொர்ணம்மாள், முகமெல்லாம் மஞ்சள், நெற்றியில் அகலமாகப் பொட்டு, தோள் வரை தொங்குகிற பூ, முழங்கை வரை கண்ணாடி வளையல். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படி இருந்திருக்கமாட்டாள். பக்கத்தில் பால் கிண்ணம். மங்கலம் தாலிக்கயிற்றில் கையை வைத்துவிட்டாள்.

“விடுங்க அத்தை” என்று தைலம்மாள் கூட்டத்துக்குள் விழுந்தாள். “அவன் சாகலை. உசுரோட இருக்கான்.”

தைலம்மாளுக்கு மூச்சு இரைத்தது. இரைத்துக்கொண்டே, தான் படத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதையும், அது பொட்டே இல்லை, விலைபோன அடையாளம் என்பதையும் சொன்னாள். மங்கலம் கையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டு, முருகா முருகா என்று அழ ஆரம்பித்தாள். பின்வரிசையில் யாரோ குலவையிடத் தொடங்கினாள். சொர்ணம்மாள் கையை உயர்த்தினாள், குலவை நின்றது.

“நீ பாத்தியாக்கா?”

“நான் பாக்கலை. துரைசானி பாத்தாங்க. பேசினாங்க.”

“எங்க வெச்சு?”

சொர்ணம்மாள் தைலம்மாளின் முகத்தையே பார்த்தாள். லண்டன் கதை கேட்டபோது எப்படிப் பார்த்தாளோ அப்படியே. பொய் சொல்ல அந்த முகம் இடம் கொடுக்கவில்லை. அதே வீட்டில்தான் என்றாள். நான் வாசலில் அழுதுகொண்டிருந்தபோது அவன் உள்ளே இருந்தான் என்றாள். அலோன்காரி வந்திருக்கிறாள் என்று துரைசானி சொன்னதையும், அவன் இவள் பெயரைக் கேட்டதையும், பின்பக்கம் போனதையும், ஒவ்வொரு வார்த்தையாகப் பிடுங்கிப் போட்டாள்.

“பேரைக் கேட்டப்புறமா போனாரு, கேக்கறதுக்கு முன்னாடியா?”

“கேட்டப்புறம்.”

“கோட்டுப் போட்டிருந்தாரா?”

“நல்ல கோட்டாம்.”

சொர்ணம்மாள் பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு, “ஆகட்டும் அத்தை. எடுங்க” என்று கழுத்தை நீட்டினாள்.

மங்கலம் பின்னால் நகர்ந்தாள். “கட்டினவன் உசுரோட இருக்கையில யாருடி எடுப்பா? கேட்டதே இல்ல நான். இன்னிக்கு இல்லாட்டி நாளைக்கு வருவான்.”

“நீங்க எடுக்க வேணாம் அப்ப.”

அவளே இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, பூ கசங்காமல், பின்னலில் சிக்காமல், நிதானமாகத் தலைக்கு மேலாக எடுத்தாள். அறைக்குள் ஒரு பெண் ஐயோ என்று முனகிக் கண்ணை மூடிக்கொண்டாள். மற்றவர்களுக்குக் கண்ணை மூடவும் தோன்றவில்லை. புருஷன் செத்து அறுத்தவர்களை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். இப்படி ஒன்றை அந்த லைனில் மட்டுமல்ல, ரங்கூனிலேயே யாரும் பார்த்ததில்லை.

அவள் அதைப் பாலில் போடவில்லை. மங்கலத்தின் கையை இழுத்து, உள்ளங்கையில் வைத்தாள்.

“உங்க வீட்டுப் பொருளு அத்தை. நீங்களே வெச்சுக்கங்க.”

வழக்கத்தை விடாத ஒருத்தி, வளையல் உடைக்க வைத்திருந்த கல்லைக் கையில் எடுத்தாள். சொர்ணம்மாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

“வளையலு நான் மில்லு சம்பளத்துல வாங்கினது. பூவும் பொட்டும் நான் பொறந்ததுலேருந்து வெச்சிட்டிருக்கேன். அந்தாளு குடுத்தது அது ஒண்ணுதான், குடுத்துட்டேன்.”

அந்தப் பெண் கல்லைக் கீழே வைத்தாள். மங்கலத்தின் உள்ளங்கை மூடவும் இல்லை, கவிழவும் இல்லை, நீட்டியபடியே இருந்தது.

தைலம்மாள் சொர்ணம்மாளின் காலடியில் உட்கார்ந்தாள். திட்டு, அடி, ஏதாவது செய் என்று கேட்க வந்தவள் அழுதுவிட்டாள். சொர்ணம்மாள் குனிந்து அவள் கண்ணைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைத்துவிட்டு, ஆற்றங்கரையில் மேஸ்திரி கல்லை நட்டு வைத்துக்கொண்டு காத்திருப்பார், யாராவது போய்ச் சொல்ல வேண்டும் என்றாள். யாரும் எழுந்திருக்கவில்லை. யாருக்கும் என்னவென்று சொல்வதெனத் தெரியவில்லை.

“அப்ப நானே போய்ச் சொல்றேன்” என்று எழுந்தாள்.

பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். வெறுங்கழுத்தும், தலை நிறையப் பூவும், கை நிறைய வளையலுமாக அவள் படியிறங்கி வெயிலில் நடந்தாள். துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் மூட்டையோடு நின்றுவிட்டார்கள். கல்யாணப் பெண்ணா, தாலி அறுத்தவளா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தைலம்மாள் பத்தடி பின்னால், அவளை எட்டிப் பிடிக்கத் துணியாமல், ஆறு வரைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.